சக்கரந் திருப்பு சாஸ்திரம்

ஆத்மா எத்தகையது, அணு எத்தகையது என்றெல்லாம் விசாரித்துத் தீர்த்த பண்டிதர்கள், அமெரிக்க நாட்டுக் காட்டுப் பாதைகளில் உறுமிக்கொண்டு ஓடும் ஏ.டி.வி. என்னும் பருத்த டயர் வண்டியின் பின்சக்கரங்களைக் கழற்றி, உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி மாட்டுவது தகுமா, தகாதா என்ற வினாவை மட்டும் தீண்டாமல் விட்டிருப்பது பெரும் குறையே ஆகும்.

இவ்வண்டி வம்சத்தின் மூலபுருஷன், ஹோண்டா கம்பெனியார் 1970-ல் அங்கே விற்பனைக்குக் கொணர்ந்த மூன்று சக்கர வாகனம். திருப்பங்களில் எஜமானனையே கவிழ்த்துவிடும் சுபாவம் அவ்வினத்துக்கு இருந்தபடியால், 1988-ல் புது மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அந்நாட்டில் ஓய்ந்தது. நான்காவது சக்கரம் வந்த பின்னரும் கவிழும் பயம் முற்றும் நீங்காமையால், வண்டியின் அகலத்தைப் பெருக்கும் ஆசை பிறந்தது. கையில் பணம் உள்ளவர்கள், சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் என்னும் வட்டை வாங்கினார்கள். இல்லாதவர்கள் சாஸ்திரம் கண்டார்கள்.

அதன் மூலசூத்திரம் மிக எளிது. ரிம்மை வண்டியோடு பிணைக்கும் தகடு ரிம்மின் நட்டநடுவில் இருந்தே தீரவேண்டும் என்ற நியதியில்லை. தகட்டுக்கு உட்புறம் 5 அங்குலமும் வெளிப்புறம் 2 அங்குலமும் உள்ள ரிம்மைத் திருப்பினால், ஒவ்வொரு சக்கரமும் 3 அங்குலம் வெளியே நகர, வண்டி தம்பிடிச் செலவின்றி 6 அங்குலம் அகன்றுவிடும்.

டயரின் பட்டைகள் எதிர்த்திசை நோக்குமே என்பது பூர்வபக்ஷம். திருப்பிய சக்கரங்களை இடம் வலமாக மாற்றி மாட்டினால் அவ்வாட்சேபம் அக்கணமே மடியும். காற்றடைக்கும் வால்வு உள்ளே போய்விடுமே என்பார்க்கு, மண்ணில் மல்லாந்து படுத்துக் கையை விடுக என்பதே விடை. பேரிங்குக்குப் பாரம் கூடும் என்பது உண்மை. ஆயினும் அது உடனே தெரிவதன்று, ஆகையால் வாதத்தில் எடுபடுவதுமில்லை.

இவ்வளவு விதண்டாவாதத்தையும் தகர்த்தெறிவது ரிம்மை இறுக்கும் ஓர் அற்ப நட்டேயாகும். அதன் முனை கூம்பாகச் சரிந்திருக்கும்; அது பொருந்தி உட்காரும்படி ரிம்மின் துளையும் வெளிமுகத்தில் சரிவாகவே கடையப்பட்டிருக்கும். பல ரிம்களில் மறுமுகத்தில் அச்சரிவு கிடையாது. அங்கே நட்டு துளையின் விளிம்பை மாத்திரம் தொட்டுக்கொண்டு, இறுகிவிட்டதுபோல் பாவனை செய்து, பின்பு மெல்ல மெல்லத் தளரும். துளையைத் தடவிப் பாராமல் ரிம்மைத் திருப்புகிறவன், என் அபிப்பிராயத்தில், இந்தச் சாஸ்திரத்துக்கு அதிகாரியல்லன்.

நட்டும் பொருந்தி, அகலமும் பெற்று, வெற்றிக் களிப்போடு புறப்பட்ட 47 அங்குல வண்டிக்காரர், இப்போது 53 அங்குலமாகிவிட்ட தம் வாகனத்துடன், வனத்துறையார் 50 அங்குலத்துக்கு மேற்படாத வண்டிகளுக்கென்றே ஒதுக்கிய பாதையின் வாசலை அடைந்து, நட்டு திருகும் ஸ்பானரைத் தேடும் கட்டம் ஒன்று உண்டு. சக்கரந் திருப்பாத கட்சியார் அதற்குப் பிராயச்சித்த காண்டம் என்று நாமகரணம் செய்திருக்கிறார்கள்.