புது ஆன்டெனா வாங்கலாமா?

கேள்வி: மாடியில் துருப்பிடித்து நிற்கும் பழைய ஆன்டெனாவை மாற்றினால் டிஜிட்டல் சேனல்கள் தெளிவாக வருமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வலை எவ்வளவு புதிதானாலும் மீன் இருக்கிற கடலில்தானே வீச வேண்டும்? தூர்தர்ஷன் தன் அனலாக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. ஆன்டெனாவில் பிடிக்கும் டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னை போன்ற சில நகரங்களுக்குத்தான் வந்தது.

உங்கள் ஆன்டெனாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1982இல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினி தொலைக்காட்சியை மன்னார் வளைகுடா தாண்டி நம் கரைக்குக் கொண்டுவந்த இனம் அது! அதன் ஒளிபரப்புக் கோபுரம் நின்ற பீதுருதாலகாலை மலை 2524 மீட்டர் உயரம். அங்கிருந்தும் அலை நேராகப் போவது சுமார் 200 கிலோமீட்டர்தான். தூத்துக்குடியோ 300க்கும் அப்பால். கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் சூடான காற்றும் படிந்த நாட்களில் அலை வளைந்து வந்தது. மற்ற நாட்களில் திரை முழுக்கப் பூச்சி பறந்தது. டிஜிட்டலில் அந்தப் பூச்சியும் கிடையாது. சிக்னல் சற்றுக் குறைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு ஒன்றுமே வராது.

டிடி ஃப்ரீ டிஷ் வையுங்கள், மாதக் கட்டணம் இல்லை. அதன் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் உங்களுக்குத் தென்கிழக்கே, நல்ல உயரத்தில் இருக்கிறது. உப்புக்காற்று முதலில் தின்பது கேபிள் முனையைத்தான். அங்கே தண்ணீர் புகாத டேப்பை இறுக்கிச் சுற்றச் சொல்லுங்கள்.