பழைய ஜீப் கொள்முதல் இலக்கணம்: போடிமெட்டு மரபை முன்வைத்து

பாயிரம்

தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூருக்கும் இடுக்கி மாவட்டத்தின் பூப்பாறைக்கும் நடுவே, மலையின் விளிம்பில், பாதி தமிழ்நாட்டிலும் பாதி கேரளத்திலுமாக அமைந்திருக்கும் போடிமெட்டில், மனிதர் எடுக்கவேண்டிய முடிவுகளுள் மிகக் கடினமானது எது என்ற வினாவுக்கு, திருமணம், நிலம், ஏலக்காயை இன்றே விற்பதா அடுத்த ஏலம்வரை பொறுப்பதா ஆகிய மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பழைய ஜீப்பை வாங்குவதா வேண்டாமா என்பதையே இக்கட்டுரை விடையாகக் கொள்கிறது. முதல் மூன்றிலும் அனுபவசாலிகளின் அறிவுரையை ஓரளவேனும் நம்பலாம்; ஜீப் விவகாரத்திலோ அறிவுரை கூறும் ஒவ்வொருவரிடமும் விற்பதற்கு ஒரு ஜீப் இருக்கிறது.

ஆய்வுக்களம் தேசிய நெடுஞ்சாலை 85-இன் மலைப்பகுதியாகும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்திலுள்ள போடியிலிருந்து புறப்பட்டு, அடிவாரமான முந்தலைக் கடந்து, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் மெட்டை அடையும் இச்சாலையில், விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை, அவர்களுள் பெரும்பாலும் பெண்களை, ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகள், மாலையில் அவர்களைத் திரும்ப இறக்கிவருகின்றன. இக்கட்டுரையில் ‘பழைய’ என்னும் அடை, பதினைந்து ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்து, அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளாக ஆயுள் நீட்டிப்புப் பெற்று ஓடும் வண்டியை மட்டுமே குறிக்கும். அதனினும் இளையவை இப்பகுதியில் ‘புது வண்டி’ என்றே வழங்கப்படுவதால் ஆய்வெல்லைக்குள் வாரா.

முறையியலைப் பொறுத்தவரை, மேலைநாட்டு வழிகாட்டி நூல்களைப் பின்பற்றுவதற்கு மாறாக, தொல்காப்பியம் மூன்று அதிகாரமாக வகுத்ததும் பின்னர் வீரசோழியம் ஐந்தாக விரித்ததுமாகிய தமிழ் இலக்கணப் பகுப்பே இங்கே கையாளப்படுகிறது. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்துக்கும் அப்பால் ஒரு பழைய ஜீப்பில் ஆராய வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

குலமும் கிளையும்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு முதலிய நிறுவனங்கள் உருவாக்கிய இவ்வண்டி, போருக்குப்பின் இந்தியாவுக்கு வந்த வரலாறு, இவ்வாய்வுக்கு ஒரு வகையில் நேரடியாகவே பொருந்துகிறது. 1945-இல் எஃகு வணிகத்துக்காக மஹிந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனம், பின்னர் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. பங்காளியான குலாம் முகம்மது பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றுவிடவே, 1948-இல் நிறுவனம் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆயிற்று. ஆகவே இந்திய ஜீப்பின் வரலாற்றில் முதல் பெயர் மாற்றம் வண்டிக்கு நடக்கவில்லை, கம்பெனிக்கே நடந்தது என்பதும், அதற்குப்பின் நடந்த பெயர் மாற்றங்கள் பலவும் அவ்வளவு ஒழுங்காக நடைபெறவில்லை என்பதும் கருதத்தக்கன.

கிளைகளுள் இரண்டை அறிந்தால் போதும். 1953-இல் வில்லிஸ் வெளியிட்டு, பின்னர் இந்தியாவில் நெடுங்காலம் தயாரான சிஜே-3பி, அதன் பெட்ரோல் எஞ்சின் உயரமானதாக அமைந்துவிட்ட காரணத்தால் பானட்டும் உயர்த்தப்பட்டு, முன்புறம் தூக்கிய தோற்றம் கொண்டது. அழகு கருதிச் செய்யப்படாத இவ்வுயரமே இன்று சேகரிப்பாளரிடம் அழகாக விலைபோகிறது. 1980-களின் நடுவில் வந்த எம்எம்540, நான்கு சிலிண்டரும் 2,112 சி.சி. கொள்ளளவும் கொண்ட பியூஜோ வழி டீசல் எஞ்சினால் இயங்கியது. மலையில் டீசலே செல்லும் என்ற தீர்ப்பு அத்தோடு உறுதியாயிற்று.

எழுத்ததிகாரம்

எழுத்து என்பது காகிதம். ஆர்.சி. புத்தகம், காப்பீடு, புகைச் சான்று ஆகிய மூன்றும் முதலெழுத்துக்கள். படிவம் 29, படிவம் 30 என்னும் பெயர் மாற்ற விண்ணப்பங்கள் சார்பெழுத்துக்கள். எல்லையூராதலால் இங்கே ஒரு தனி விதி தோன்றுகிறது. தேனியைக் குறிக்கும் டிஎன்-60 பலகையுடைய வண்டியைப் பூப்பாறைக்காரர் வாங்கினாலும், இடுக்கியைக் குறிக்கும் கேஎல்-06 பலகையுடையதைப் போடிக்காரர் வாங்கினாலும், படிவம் 28 வழியாகத் தடையின்மைச் சான்று பெறவேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலப் பதிவெண் வாங்கவேண்டும். இரு மாநிலத்துக்கும் நடுவே நாள்தோறும் ஓடும் ஜீப் எந்த மாநிலத்தில் ‘வைத்திருக்கப்படுகிறது’ என்னும் தத்துவ வினாவுக்கு, அது இரவில் எங்கே நிற்கிறதோ அங்கே என்று ஒரு சாராரும், எங்கே பழுதாகிறதோ அங்கே என்று மற்றொரு சாராரும் விடை கூறுவர்.

சட்டப்படி, விற்றவர் மாநிலத்துக்குள் எனில் 14 நாளிலும், வெளிமாநிலம் எனில் 45 நாளிலும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கவேண்டும். நடைமுறையில், கையொப்பமிட்டுத் தேதியிடாத படிவங்களோடு ஒரு வண்டி நாலைந்து கை மாறுவதுண்டு. ஆர்.சி.யில் பெயருள்ளவர் எங்கேயோ இருக்க, ஓட்டுபவர் வேறெங்கேயோ விபத்துக்குள்ளானால், வழக்கில் இழுபடுபவர் முன்னவரே. மேலும், 15 ஆண்டு கடந்த காரின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணத்தை ஒன்றிய அரசு 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியது. “எஃப்.சி. அடுத்த மாசம் முடியுது, அது ஒண்ணுமில்ல” என்று விற்பவர் கூறும் ‘ஒண்ணுமில்ல’ என்பதன் குறைந்தபட்ச மதிப்பு இதிலிருந்து புலனாகும்.

சொல்லதிகாரம்

சொல் என்பது விற்பவர் வாய்மொழி. இது நால்வகைப்படும்: குறைத்தல், உயர்த்தல், திருப்பல், வருந்தல்.

“சின்ன வேலைதான், ஒரு நாள்ல முடிச்சிரலாம்” என்பது குறைத்தல். அந்த ஒரு நாளில் முடிகிற வேலையை விற்பவரே ஏன் முடித்துவிடவில்லை என்ற வினா எழுப்பப்படுமாயின், அவ்வினாவுக்கு விடை கிடைப்பதில்லை, தேநீர் கிடைக்கும். “டாக்டர் வச்சிருந்த வண்டி” என்பது உயர்த்தல். இம்மலையில் விற்பனைக்கு வந்துள்ள ஜீப்புகள் அனைத்தும் டாக்டர்களிடமிருந்தே வந்தவை எனில், இப்பகுதியில் நோயாளிகளைவிட மருத்துவர்கள் மிகுதியாக இருந்திருக்கவேண்டும். கியர்ப் பெட்டியின் இரைச்சலைப் பற்றிக் கேட்கும்போது, “டயரைப் பாத்தீங்களாண்ணே, நாலும் புதுசு” என்பது திருப்பல். “குடுக்கவே மனசில்ல, பிள்ளைய காலேஜ்ல சேக்கணும், அதான்” என்பது வருந்தல். இது சில வேளைகளில் முழு உண்மையாகவும் இருந்துவிடுவதால், ஆய்வாளரைப் பெரிதும் இடர்ப்படுத்துவது.

இவை நான்கிலும் அடங்காத ஐந்தாவது ஒன்று உண்டு. விலை பேசி முடியும்வரை “நம்ம வண்டி” என்று முன்னிலையாரையும் உளப்படுத்திக் கூறியவர், முன்பணம் கைக்கு வந்த நொடியில் “உங்க வண்டி” என்று கூறத் தொடங்குவார். உரிமை மாற்றம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நிகழ்வதற்குப் பல நாள் முன்பே இலக்கணத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

பொருளதிகாரம்

பொருள் என்பது இயந்திரம். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இங்கும் ஒரு தொடக்கச் செயல் உண்டு. வாங்குபவர் வண்டியருகே சென்றதும், கைகுலுக்குவதற்கு முன்பே, பேச்சோடு பேச்சாக உள்ளங்கையைப் பானட்டின்மீது வைத்துப் பார்ப்பார். மெட்டின் காலைப் பனியில் பானட் சில்லென்றிருந்தால் விற்பவர் நேர்மையானவர். வெதுவெதுப்பாக இருந்தால், வாங்குபவர் வருமுன்பே எஞ்சின் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கப்பட்டிருக்கிறது. தேய்ந்த டீசல் எஞ்சின் குளிரில் எளிதாகக் கிளம்பாது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் காற்று போதிய சூடேறாததால் எண்ணெய் பற்றுவதில்லை. எனவே எஞ்சினின் வயதை அறிய ஏற்ற இடம் வெயிலடிக்கும் போடி பஸ் நிலையம் அன்று, விடியற்காலை மெட்டுதான்.

அடுத்து, புகை. கிளம்பியபின்னும் வெண்புகை நீடிப்பின் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்றும், நீலம் எனில் எஞ்சின் ஆயில் எரிகிறது என்றும், கருமை எனில் எண்ணெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்றும் கொள்வர். ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து குபுகுபுவெனக் காற்று தள்ளுவதை மெக்கானிக்குகள் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பர். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததன் அடையாளம் அது.

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறுகையில் காற்றழுத்தம் சுமார் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. டர்போ இல்லாத பழைய எஞ்சின் அதே எண்ணெய்க்குக் குறைந்த காற்றை உறிஞ்சுவதால் இழுவை குன்றி, கீழே புகையாத வண்டியும் மேலே கரும்புகை கக்கும். ஆகவே சமவெளியில் ஓட்டிப் பார்த்து எடுக்கும் முடிவு, அந்த உயரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும்.

நான்கு சக்கர இழுவை பற்றி ஒரு குறிப்பு: “ஃபோர் வீல் இருக்கு” என்று விற்பவர் கூறி, நெம்புகோலையும் அசைத்துக் காட்டுவார். நெம்புகோல் அசைவது சான்றாகாது. குனிந்து பார்த்தால், முன் அச்சுக்குச் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட், எண்ணெய் மிச்சப்படுத்துவதற்காகவோ பழுதாகிப்போனதாலோ, முன்பே கழற்றப்பட்டிருக்கக் காணலாம்.

எல்லாவற்றிலும் தலையாயது இறக்கம். வாங்குபவர் அனைவரும் ஜீப் ஏறுகிறதா என்றே சோதிக்கின்றனர். இறங்குகிறதா என்பதைப் புவியீர்ப்பிடம் விட்டுவிடுகின்றனர். ஏறும் கியரிலேயே இறங்கவேண்டும் என்பது மலையோட்டிகளின் விதி. எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தால்தான் பிரேக் டிரம் சூடேறாமல் இருக்கும், சூடேறிய டிரம்மில் மிதி கட்டையாக இருக்கும், வண்டி நிற்காது. இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டதும் கியர் தானாக நியூட்ரலுக்குத் தெறித்து விழும் ஜீப்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், முந்தலிலேயே திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். ஏற்றத்தில் தோற்கும் ஜீப் உரிமையாளரின் பணத்தைத் தின்னும். இறக்கத்தில் தோற்பதோ, மாலையில் தூக்குவாளியோடு பின்னால் நெருங்கி உட்கார்ந்திருப்பவர்களைக் கொண்டுபோய்விடும். விலை பேசும்போது அவர்களில் ஒருவரும் அழைக்கப்படுவதில்லை. ஆர்.சி.யில் குறித்த இருக்கைகளைவிட அதிகம் பேர் ஏற்றப்படும் வழக்கத்தையும் சேர்த்துக் கருதினால், வண்டிக்குரிய உண்மையான எடை எழுத்ததிகாரத்தில் எங்கும் பதிவாகவில்லை என்பது விளங்கும்.

யாப்பு

யாப்பு என்பது கட்டுமானம்; அதாவது சேசிஸ். பருவமழையும் மூடுபனியும் மாறிமாறி நனைக்கும் ஏலமலையில் துரு மேலிருந்து தொடங்காது. சேறு ஒட்டிக் காயாத அடிப்புறத்திலிருந்தே தொடங்கும். பட்டைகள், அதாவது ஸ்பிரிங் தகடுகள், சேசிஸோடு சேருமிடத்தில் புது கறுப்பு பெயிண்ட் மட்டும் பளபளத்தால், அதன் கீழே புது வெல்டிங் இருக்கிறது என்பது துணிபு.

எஞ்சின் ஒரு வண்டியிலிருந்தும், கியர்ப் பெட்டி மற்றொன்றிலிருந்தும், பாடி உள்ளூர்ப் பட்டறையிலிருந்தும் வந்திருக்க, பழைய ஜீப் என்று விற்கப்படுவது யாது என்பது யாப்பின் ஆதார வினா. சேசிஸில் குத்திய எண்ணே ஜீப் என்பது அரசின் கொள்கை. 2019 ஜனவரியில், கேரளத்தில் எழுந்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், பெரிய டயரும் மாற்று பாடியும் வண்டியின் மதிப்பைக் கூட்டுகின்றனவா, வில்லங்கத்தைக் கூட்டுகின்றனவா என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டியுள்ளது.

அணி

அணி என்பது பெயிண்ட், மஞ்சள் பனிவிளக்கு, முன்கண்ணாடியின் மேல் குலதெய்வப் பெயர், பின்புறம் பிள்ளைகளின் பெயர் முதலியன. தகரத்தில் ஒட்டும் காந்தம், பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது என்ற ஒரே உண்மையைத் தவிர இவ்வியலில் கற்கத்தக்கது சிறிதே. புது ஸ்டிக்கருக்கு அடியில் இரண்டு தலைமுறைப் பெயர்களின் தடம் தெரிந்தால், அதனை ஆர்.சி.யைவிட நம்பகமான உரிமையாளர் பட்டியலாகக் கொள்ளலாம்.

எதிர்வாதமும் மறுப்பும்

மூணாறு – போடிமெட்டு சாலை அகலப்படுத்தப்பட்டு 2024-இல் திறக்கப்பட்டுவிட்டதால் பழைய ஜீப்பின் தேவை போய்விட்டது என்பது எதிர்வாதம். சாலை அகலமானது உண்மை. தோட்டத்துக்குள் போகும் கல்பாதை அகலமாகவில்லை. புது வண்டியைத் தவணைக்கு வாங்கலாமே என்பது இரண்டாம் வாதம். மாதத் தவணை மாதந்தோறும் வரும். ஏலக்காய் விலை அவ்வாறு வருவதில்லை. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம்போன காய், சில ஆண்டுகளிலேயே ஆயிரத்தைச் சுற்றி வந்து நின்றது. காய் விலை ஏறும்போது எல்லாரும் ஜீப் தேடுவர், விற்க யாரும் இருக்கமாட்டார்; இறங்கும்போது எல்லாரும் விற்பர், வாங்கக் கையில் பணம் இருக்காது. எனவே பழைய ஜீப் வாங்க உகந்த காலம், அதை வாங்க இயலாத காலமே.

முடிபு

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: எழுத்து பிழையற்றும், சொல் பாதியளவேனும் மெய்யாகவும், யாப்பு ஒட்டுப்போடாததாகவும், இறக்கத்தில் கியர் நிற்பதாகவும் இருந்தால் வாங்கலாம். இவற்றுள் முதல் மூன்றில் ஒன்று குறைந்தால் விலையைக் குறைக்கலாம். நான்காவது குறைந்தால் பேச்சை நிறுத்தவேண்டும். அத்துடன், வண்டியை முன்பு வைத்திருந்தவர் யார் என்று கேட்பதைவிட, அதைப் பழுதுபார்த்தவர் யார், அவர் இன்னும் பட்டறை நடத்துகிறாரா என்று கேட்பதே பயன் தரும். உரிமையாளர்கள் மாறுவர், அந்த ஜீப்பின் குற்றங்களை மனப்பாடமாக அறிந்தவர் அந்த ஒரு மெக்கானிக்கே.

இவ்விலக்கணம் முதல் ஜீப்புக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பழைய ஜீப் வாங்கியவர், இரண்டாம் ஆண்டிலேயே உதிரிப்பாகத்துக்கென்று மற்றொரு ஜீப்பை, பதிவு இரத்தான, சக்கரமும் இல்லாத ஒன்றை, வாங்கிவந்து கொல்லையில் நிறுத்துவது இப்பகுதியின் வழக்கம். அந்த இரண்டாவதற்கு எழுத்தும் யாப்பும் அணியும் வேண்டா. பொருள் மட்டும் போதும். அதற்கு வேண்டிய சொல்லை வாங்கியவரே வீட்டில் கூறவேண்டியிருக்கும்.