கோட்டை எங்கேய்யா கிழிச்சீங்க?

ஐபி (பதிப்பு 4) முகவரி என்பது 32 பிட். முன்பக்கம் ஊர், பின்பக்கம் வீடு. ஊர் எங்கே முடிகிறது என்று ஒரு கோடு கிழித்துக் காட்ட வேண்டும், வேலை அவ்வளவுதான். அந்த ஒரு கோட்டை ஒழுங்காக எழுதி முடிக்க நம் மகான்களுக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

1980-இல் கணக்கு எளிது. முதல் 8 பிட் ஊர். ஆக, உலகத்துக்கே 256 ஊர் போதும் என்று நிம்மதியாக இருந்தார்கள்.

அடுத்த வருஷம் செப்டம்பரில், தாடிக்கார ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 791 என்ற இணைய விதி ஆவணம் வந்தது. கோடு எங்கே என்று கேட்டால், முகவரியின் நெற்றியைப் பார் என்றது. 0-வில் தொடங்கினால் ஏ வகுப்பு, 10 என்றால் பி, 110 என்றால் சி. நாமமா பட்டையா என்று பார்த்துக் கோத்திரம் சொல்லும் அதே வித்தை! ஏ குலத்தில் பிறந்தால் 1.68 கோடி வீடு, எம்.ஐ.டி.க்கு வாய்த்த 18 என்ற ஊர் அந்த ரகம். சி-யில் பிறந்தால் 254. ஆயிரம் கணினி வைத்திருந்தவனுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அவன் பி கேட்டான், 65,534 கிடைத்தது. பிறகு எல்லோரும் பி கேட்டார்கள். கேட்காமல் இருப்பார்களா?

1985-இல் சப்நெட் மாஸ்க். ஊர்ப் பக்கத்துக்கு 1, வீட்டுப் பக்கத்துக்கு 0 என்று 32 பிட்டையும் எழுதிக் காட்டு. கோடு விழக்கூடிய இடம் மொத்தமே 33. அதில் ஒன்றைச் சொல்ல, 429 கோடி விதமாக எழுதக்கூடிய ஓர் எண்! ஒன்றுகள் அடுத்தடுத்து நின்றால் நல்லது என்று பரிந்துரைத்தார்களே ஒழிய, கட்டாயமில்லை. பொங்கலில் மிளகு தூவியதுபோல் வைத்தாலும் அன்று குற்றமில்லை. போதாததற்கு, சிஸ்கோ ரூட்டரின் அக்சஸ் லிஸ்ட்டில் இதையே தலைகீழாக எழுத வேண்டும்.

1988-இல், ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் ரிப் நெறிமுறையை எழுதியபோது மாஸ்க்குக்கு இடமே வைக்கவில்லை. இடமில்லாமல் இல்லை. முகவரிக்குப் பக்கத்திலேயே 8 பைட் காலி. ஆனால் பேருந்து சீட்டில் துண்டு போட்டதுபோல, இங்கே பூஜ்ஜியம்தான் உட்காரணும் என்று விதி. துண்டை எடுத்துவிட்டு மாஸ்க்கை உட்காரவைக்க 1993 ஆனது.

1989-இல் ஆஸ்டினில் மதியச் சாப்பாட்டின்போது கை துடைக்கும் காகிதத்தில் பிறந்த பிஜிபி என்ற வழிசொல்லும் நெறிமுறைக்கும் முதலில் கோடு தெரியாது. அதுவும் நெற்றி பார்த்தே பிழைத்தது. 1993-இல், கோட்டை எந்தப் பிட்டிலும் கிழிக்கலாம் என்ற சைடர் முறை வந்து குலம் கோத்திரத்தையே ஒழித்தது. அப்புறம்தான் பிஜிபி-4க்குப் புத்தி வந்தது: முதல் பைட்டில் கோடு எத்தனையாவது பிட்டில் என்று சொல், பிறகு தேவையான பைட்டுகளை மட்டும் அனுப்பு. 20 என்றால் மூன்றே பைட். கடைசியில் மிஞ்சும் 4 பிட்டில் என்ன இருக்கலாம்? எது வேண்டுமானாலும் இருக்கட்டும், கண்டுகொள்ளாதே என்று 1995-இல் ஆர்எஃப்சியிலேயே எழுதிவிட்டார்கள்.

அந்த முறையில் மொத்த இணையத்தையும் குறிக்க ஒரே பைட் போதும். அதில் எழுத வேண்டியது 0.