காசில் முடியும் வெண்பா: ஓர் ஆய்வு

வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும் என்பது யாப்பிலக்கணம். நாளும் மலரும் பிறப்பும் இருக்கும் வீட்டுக்குள் காசு ஏன் புகுந்தது என்று இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தமிழில் முதலீட்டு அறிவு குறும்பாட்டாகவே பிறந்தது என்பது இவ்வாய்வாளரின் கருதுகோள். நீண்ட காவியம் எழுதப் புலவனுக்குப் புரவலர் வேண்டும். புரவலர் கிடைத்துவிட்டால் அவனுக்குச் சிக்கன அறிவுரை எதற்கு?

வள்ளுவர் பொருள் செயல்வகைக்கென்று 76ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். பத்துக் குறளுக்கு மொத்தம் எழுபது சீர். இன்றைக்கு ஒரு வங்கிப் படிவத்தின் முதல் பத்திக்குக்கூட அது போதாது. ஆனால் வரவைவிடச் செலவு பெருக்காதே என்ற வீட்டுக் கணக்கை அவர் வைத்திருப்பது அங்கே அல்ல, 48ஆம் அதிகாரமான வலியறிதலில். படையெடுப்புக்கு முன் அரசன் படிக்க வேண்டிய பாடம் அது. மாதக் கடைசியில் மளிகைச் சீட்டுடன் கிளம்பியவர்களுக்கு இந்த வைப்புமுறை விளங்கும்.

இனி முதன்மைச் சான்றுக்கு வருவோம். எங்கள் தெருமுனைக் கடையில், எண்ணெய் டின்களுக்கு மேலே, ஊதுபத்திப் புகையேறிய பலகை ஒன்று தொங்குகிறது: ‘இன்று ரொக்கம் நாளை கடன்’. நாற்சீர், ஓரடி. முதற்சீரும் மூன்றாம் சீரும் முரணி நிற்பதால் பொழிப்பு முரண். சீர்களை அலகிட்டால் முதல் இரண்டு இடத்திலும் வெண்டளை இல்லை. ‘நாளை’க்கும் ‘கடனு’க்கும் நடுவில் மட்டும், மாமுன் நிரையாக, தளை கச்சிதமாகப் பூட்டியிருக்கிறது. வாடிக்கையாளர் மாட்டிக்கொள்வதும் அதே இடத்தில்தான். ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலாக வராது என்ற விதியைக் கடைக்காரர் மீறியிருக்கிறாரே என்று அவரிடமே கேட்டேன். “சார், போன மாசப் பாக்கி முந்நூத்தி நாப்பது நிக்குது” என்றார். உரையாசிரியர்கள் இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்வதில்லை.

சீட்டுக்கவி என்றொரு வகையும் உண்டு. பொருளுதவி கேட்டுப் புலவர் செய்யுளிலேயே எழுதும் கடிதம். பாரதியார் 1919இல் எட்டயபுரம் மன்னருக்கு எழுதியது புகழ்பெற்றது. இதை ஏலச்சீட்டுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சீட்டுக்கவியில் பாட்டு போகும், பணம் வரலாம். ஏலச்சீட்டில் பணம் போகும். வீட்டில் பாட்டு வரும்.

முதலீட்டுச் சூத்திரங்களை வெண்பாவில் அடைக்க முடியுமா என்று இவ்வாய்வாளர் தாமே சோதித்தார். முதலில் எடுத்துக்கொண்டது 72 விதி. லூக்கா பாச்சோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட கணித நூலிலேயே இருக்கிறது. எழுபத்திரண்டை வட்டி விகிதத்தால் வகுத்தால், கூட்டு வட்டியில் போட்ட பணம் ஏறக்குறைய எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்று தெரிந்துவிடும். ஆறு சதவீதம் என்றால் பன்னிரண்டு ஆண்டு, எட்டு என்றால் ஒன்பது.

எழுபத் திரண்டுக்கு வட்டியால் ஈவே
முழுப்பணம் ரெட்டிக்கும் ஆண்டு.

‘இரட்டிக்கும்’ என்பதே சரி. ஆனால் அந்த இகரத்தைச் சேர்த்தால் விளமுன் நிரை வந்து தளை தட்டுகிறது. விட்டால் கடைக்காரரின் ரகரப் பிழை என்னையும் பிடிக்கிறது. பணமும் இலக்கணமும் ஒரே பாட்டில் முழுதாகச் சேராது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்கவில்லை. புலவர்கள் மன்னிப்பார்கள். வங்கிக்காரர்கள் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டாம் சோதனை திட்டமிட்டதல்ல. எங்கள் பகுதியில் ஒருவர் பதிவில்லாத சீட்டு நடத்தினார். கடைசிச் சீட்டு எடுத்தால் லாபம் என்று சொன்னதை நம்பி, பதிவுச் சீட்டில் நடத்துபவரின் கழிவுக்குச் சட்டப்படி ஏழு சதவீத உச்சவரம்பு உண்டு என்றெல்லாம் படித்திருந்தும், ஏலத்தில் வாய் திறக்காமல் இருபத்தொரு மாதம் கட்டினேன். மொத்தம் 42,000 ரூபாய். இருபத்திரண்டாம் மாதம் அவர் வீட்டில் பூட்டும், வாசலில் எங்கள் செருப்புகளும் இருந்தன. திரும்பி நடக்கையில் இந்தக் குறள் வெண்பா தானாக வந்தது:

வட்டி மிகுதியென வாரிக் கொடுத்தபின்
எட்டியும் பாராது காசு.

தளை தட்டவில்லை. எதுகை உண்டு, மோனை உண்டு, ஈற்றில் வாய்பாடு மட்டுமல்ல, காசு என்ற சொல்லே நிற்கிறது. பாட்டைக் கேட்ட என் அத்தை, “நல்லாத்தான் இருக்குடா. முதல் மாசமே எழுதியிருக்கக் கூடாதா?” என்றாள். ஆய்வின் ஒரே மறுப்புரை அது. அதற்கு விடை இல்லை.

42,000 ரூபாயை ஏழால் வகுத்தால் சீர் ஒன்றின் அடக்க விலை 6,000. வாசகர்கள் இதை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். செய்கூலி, சேதாரம் கிடையாது.