டாக்டர் ஓட்டின வண்டி

எங்கள் அடுக்ககத்துக்குக் காலை ஐந்தரை மணிக்கு ஒருவர் வருவார். கையில் ஒரு வாளித் தண்ணீர், தோளில் ஒரு பழைய பனியன். பதினான்கு கார்களையும் அதே வாளி, அதே பனியனால் துடைத்துவிட்டு ஆறேகாலுக்குக் கிளம்பிவிடுவார். காருக்கு மாதம் ஐநூறு ரூபாய். முதல் காரின் புழுதி, இரண்டாவது காரின் மணல், மூன்றாவது காரின் காக்கை எச்சம் எல்லாம் கடைசிக் கார்வரை பாரபட்சமில்லாமல் வந்து சேரும். கடைசிக் கார் என்னுடையது.

2010 மாடல் சான்ட்ரோ. இருங்காட்டுக்கோட்டையில் பிறந்தது. நிறம் கருப்பு. 2015-ல் நான் அதை வாங்கியபோது புரோக்கர் மூன்றே வாக்கியம் சொன்னார். "சிங்கிள் ஓனர் சார். எங்கேயும் தட்டினது கிடையாது சார். டாக்டர் ஓட்டின வண்டி சார்." டாக்டர் ஓட்டினால் வண்டிக்கு என்ன விசேஷம் என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்பதில்லை. இந்த ஊரில் விற்பனைக்கு வரும் பழைய கார்களில் பாதியை டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். இத்தனை காரையும் ஓட்டிவிட்டு அவர்கள் நோயாளிகளை எப்போது பார்த்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

ஒருநாள் ராத்திரி பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்கும்போது, மேலேயிருந்த விளக்கு வெளிச்சத்தில் பானெட்டைப் பார்த்தேன். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக மெல்லிய கோடுகள், ஆயிரக்கணக்கில். சிலந்தி ஒன்று பத்து வருடம் லீவு போடாமல் வேலை பார்த்த மாதிரி. உண்மையில் அந்தக் கீறல்கள் வட்டமே கிடையாது. எல்லாத் திசையிலும் இருக்கும். அவற்றில் எவை வெளிச்சத்துக்கு வாகாக நிற்கின்றனவோ அவை மட்டும் கண்ணில் படுவதால் வட்டம் போலத் தெரிகிறது. இதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பனியன்.

டீடெய்லிங் என்று ஏசி போட்டுக் கண்ணாடி வைத்த கடை ஒன்றில் கேட்டேன். பாலிஷ் மட்டும் நாலாயிரத்து ஐநூறு ரூபாய் என்றார்கள். காபி கொடுத்தார்கள். காபியைக் குடித்துக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். நடுத்தர வர்க்கத்து ஆண் எவனும் வாழ்க்கையில் ஒருமுறையாவது போடும் கணக்கு அது: "அந்த மெஷினையே வாங்கிட்டா?"

பாரிமுனை செம்புதாஸ் தெருவில் கிடைக்காத இரும்புச் சாமான் இல்லை. அங்கே ஒரு கடையில் பாலிஷிங் மெஷின் வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். கிரானைட் வேலைக்காரன் மாதிரியும் இல்லை, கார் பெயின்டர் மாதிரியும் இல்லை என்று முடிவுகட்டியிருப்பார்.

"வீட்ல ஏஜி ஃபோர் இருக்கா சார்? அதுலேயே பஃப் மாட்டிக்கலாமே."

ஏஜி ஃபோர் என்பது டைல்ஸ் அறுக்கிறவர்கள் கையில் 'வீல்' என்று கத்துமே, அந்த நாலு இஞ்சு கிரைண்டர். நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று. பாலிஷுக்குத் தேவை ஆயிரம், மிஞ்சினால் ஆயிரத்து எண்ணூறு. இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். சொன்னேன். அவருக்கு என்மேல் லேசாக மரியாதை வந்தது. ஆகவே விலையை ஏற்றிச் சொன்னார்.

இரண்டு வகை இருக்கின்றன. ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுற்றுவது. டூயல் ஆக்‌ஷன் என்பது சுற்றிக்கொண்டே தள்ளாடுவது. புரியவில்லையென்றால் சமையலறைக்குப் போங்கள். ரோட்டரி மிக்ஸி, டூயல் ஆக்‌ஷன் வெட் கிரைண்டர். கிரைண்டரில் டிரம்மும் சுற்றும், உள்ளே கல்லும் சுற்றும், மாவு சூடேறாது. மிக்ஸியில் சீக்கிரம் வேலை முடியும், ஆனால் கொஞ்சம் அசந்தால் மாவு சுட்டுவிடும். காரிலும் அதே கதை. புதிதாகக் கற்றுக்கொள்பவன் டூயல் ஆக்‌ஷன்தான் வாங்க வேண்டும். அதன் விலை ஆறாயிரத்து எண்ணூறு. ரோட்டரி இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது. நான் ரோட்டரி வாங்கினேன்.

"வாரண்டி உண்டா?"

"கடைப்படி இறங்குற வரைக்கும் உண்டு சார். ஆனா கார்பன் பிரஷ் ரெண்டு ஸ்பேர் ஃப்ரீ."

பெட்டியில் ஏழு இஞ்சு வட்டத் தட்டு, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் கம்பளி பஃப், அலுவலகப் பையின் கைப்பிடி மாதிரி ஒரு கைப்பிடி, ஒரு ஸ்பேனர். 1,200 வாட். வேகம் 600 முதல் 3,000 வரை என்று எழுதியிருந்தது. அறுநூறில் வைத்து முடுக்கியபோதே அது அறுநூறு இல்லை என்று என் மணிக்கட்டுக்குத் தெரிந்துவிட்டது. எடை மூன்று கிலோவுக்குப் பக்கத்தில். முதல் பத்து நிமிடம் தூக்கி வைத்திருக்கலாம். அதற்கப்புறம் அதுதான் நம்மை வைத்திருக்கும்.

மெஷினோடு செலவு முடிந்தது என்று நினைத்தேன். ரப்பிங் காம்பவுண்டு வேண்டும். அதைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி வேண்டும். கம்பளி போட்ட கோட்டை எடுக்க ஸ்பாஞ்ச் பஃப் வேண்டும். பிளாஸ்டிக் பீடிங்கில் படாமலிருக்க மாஸ்கிங் டேப் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டும். கிட்டத்தட்ட மாப்பிள்ளை அளவுக்கே, கூட வந்தவர்களும் சாப்பிட்ட கல்யாணம் அது. மொத்தம் நாலாயிரத்து எழுநூறு ஆனது. டீடெய்லிங் கடையில் கொடுக்கும் காபி வேறு நஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழ்த்தளத்தில் பொதுப் பிளக்கில் ஒயரைச் சொருகினேன். செகரட்டரி வந்து, "சார், அது காமன் மீட்டர்" என்றார். மூன்று மணி நேரம் ஓட்டினால் 3.6 யூனிட், அதற்குரிய பணத்தை இப்போதே தருகிறேன் என்றேன். "பணத்துக்காகச் சொல்லல, ஒரு முறைக்காகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். மச்சினனும் வந்துவிட்டான். கையில் டீ. நம்மூரில் ஓர் ஆள் வேலை செய்தால் மூன்று பேர் கைகட்டிப் பார்ப்பது முறை. மூன்றாவதாக வாட்ச்மேன் பெரியவர்.

பஃப்பில் காம்பவுண்டைத் தாராளமாகத் தடவினேன். ஸ்விட்சைப் போட்டேன்.

இங்கே ஒரு தகவல். பஃப்பைக் காரின்மேல் அழுத்தி வைத்துவிட்டு அப்புறம்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். நான் காற்றில் போட்டேன். சுற்றும் பொருளின்மேல் உள்ள களிம்பு எங்கே போகும் என்பதை ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தது. என் சட்டையில் கொஞ்சம், செகரட்டரியின் ஸ்கூட்டரில் கொஞ்சம், மச்சினனின் டீயில் கொஞ்சம். தூணில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்துக்கு விபூதிக் காப்பு ஆகிவிட்டது. செகரட்டரி தன் ஸ்கூட்டரைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி கட்டமாக டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் நாலு தடவை ஓட்டி, துடைத்துவிட்டு, டேப்பை உரித்தேன் பாருங்கள். இந்தப் பக்கம் வெளுத்துப்போன சாம்பல் கருப்பு. அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீர்க் கருப்பு. கூரையிலிருந்த டியூப்லைட் அதில் கோடு போட்ட மாதிரி தெரிந்தது, அதன் முனையில் அச்சடித்திருந்த வாட் எண்ணைக்கூடத் தலைகீழாகப் படிக்க முடிந்தது. மச்சினன் டீயைக் கீழே வைத்துவிட்டான். "மாமா, செமையா வருது மாமா." வாழ்க்கையில் அவன் என்னைப் பாராட்டிய இரண்டாவது சந்தர்ப்பம். முதலாவது அவன் அக்காவைக் கட்டிக்கொண்டது.

நாம் 'பாலிஷ் போடுவது' என்கிறோம். அந்தப் 'போடு'தான் என்னைக் கெடுத்தது. முகத்துக்குப் பவுடர் போடுகிறோம், சுவருக்குச் சுண்ணாம்பு போடுகிறோம், அந்த மாதிரி இதுவும் ஏதோ மேலே பூசுவது என்றே நினைத்திருந்தேன். உண்மையில் எதையும் போடுவதில்லை, எடுக்கிறோம். காம்பவுண்டு என்பது உப்புத்தாளைப் பொடியாக்கிக் களிம்பில் குழைத்த மாதிரி ஒரு சமாச்சாரம். கீறலை யாரும் நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியுள்ள நல்ல பெயின்டையும் கீறலின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்கிவிடுகிறோம். அப்படித் தேய்க்க இருக்கும் மேல்பூச்சு, கிளியர் கோட், ஐம்பது மைக்ரானுக்குப் பக்கத்தில். தலைமயிர் அதைவிடத் தடிமன். எனக்குத் தலையில் அதுவும் குறைவு என்பதால் உவமை உடனே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

தைரியம் வந்தது. டயலை நாலில் வைத்து வலது பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவுக்கு வந்தேன். விளிம்புகளில் பெயின்ட் எப்போதும் மெல்லிசாகவே இருக்கும். ஈரமாக இருக்கும்போதே முனையைவிட்டு வழிந்து விலகிவிடுமாம். அங்கே பஃப்பின் அழுத்தம் முழுக்க ஒரு கோட்டில் இறங்கும். டேப் ஒட்டி மறைக்க வேண்டிய இடம். நான் அங்கேதான் அழுத்தித் தேய்த்தேன், ஏனென்றால் வெள்ளையாக இருந்த பஃப் திடீரென்று கருப்பாக ஆரம்பித்தது.

"பாருங்க பெரியவரே, பதினஞ்சு வருஷ அழுக்கு!" என்று வாட்ச்மேனிடம் பெருமையாகக் காட்டினேன். அவரும் "அடேயப்பா" என்றார். அழுக்கு வர வர உற்சாகமாகத் தேய்த்தேன். எவ்வளவு தேய்த்தாலும் வந்துகொண்டே இருந்தது.

கிளியர் கோட் இருக்கும்வரை பஃப் வெள்ளையாகத்தான் இருக்கும். காரின் நிறம் பஃப்பில் வந்தால், மேல்பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். நான் அழுக்கு என்று காட்டியது என் காரை.

கருப்பு முடிந்து சாம்பல் வந்தது. அது பிரைமர். மெஷினை நிறுத்துவதற்குள் சாம்பலும் விலகி, சந்தன நிறத்தில் ஏதோ தெரிந்தது. கீழடியில் குழி வெட்டினால் இப்படித்தான் அடுக்கடுக்காக வருமாம். அங்கே கீழே போகப் போகப் பெருமை. இங்கே சந்தன நிறம்.

"இரும்பு வெள்ளையால்ல இருக்கணும் மாமா?" என்றான் மச்சினன்.

என் மனைவி அதுவரை மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் பேசாமல் ஃபிரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பழனி முருகன் காந்தத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். முன் பம்பரில் வைத்தாள். விழுந்தது. எனக்கு மூச்சே நின்றது. "ஏங்க, அது பிளாஸ்டிக். காந்தம் சரியான்னு பார்த்தேன்" என்றாள். பின் சக்கரத்துக்கு மேலே அந்த வளைவில் வைத்தாள். விழுந்தது. ஒரு ஜாண் தள்ளி வைத்தாள். விழுந்தது. பின்கதவில் பாதிவரை முருகன் நிற்கவே இல்லை. அவர் ஏற்கெனவே ஒருமுறை கோபித்துக்கொண்டு மலையேறியவர்.

அடுத்த நாள் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயின்டர் கார் பெயின்டுக்கு இன்னமும் 'டூகோ' என்று சொல்கிற தலைமுறை. டூபான்ட் கம்பெனி 1920-களில் விற்க ஆரம்பித்த பெயின்டின் பெயர் அது. ஸ்பிரே பண்ணினால் சீக்கிரம் காயும், ஆனால் கையால் தேய்த்தால்தான் பளபளக்கும். அந்தக் காலத்திலிருந்து வந்த பழக்கம்தான் ரப்பிங் பாலிஷ். பெயின்டர் குனிந்து விரல் நகத்தால் சுரண்டினார். முட்டியால் தட்டினார். முன்கதவில் 'டங்' என்றது. பின்னால் 'டொக்' என்றது.

"பட்டி சார்."

"எவ்வளவு?"

"முக்கால் சைடும் பட்டி. நல்லா இடிச்சிருக்கு." அவர் வளைவோடு உள்ளங்கையை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஆனா போட்டவன் வேலைக்காரன் சார். பத்து வருஷமா ஒரு வெடிப்பு இல்ல பாருங்க."

என்னை ஏமாற்றியவனின் கைத்திறனை என் எதிரிலேயே அவர் அத்தனை மரியாதையாகப் பாராட்டியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. மெஷின் மோசமா என்று கேட்டேன். "மெஷின் என்ன சார் பண்ணும்? ஓரத்துல டேப் ஒட்டியிருக்கணும், ஒண்ணுல வச்சு ஓட்டியிருக்கணும். ஆனா நீங்க ஓட்டலன்னா இது தெரிஞ்சே இருக்காதே" என்றார். அந்த ஒரு பக்கத்துக்குப் பிரைமர், கருப்பு, கிளியர் என்று ஐயாயிரத்து ஐநூறு வாங்கிக்கொண்டார். பட்டியில் கைவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

புரோக்கரை அழைத்தேன். எண் உபயோகத்தில் இல்லை. டாக்டரைத் தேடலாம் என்று ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன்னால் ஒருவர் இல்லை, இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பெயருக்கு முன்னாலும் டாக்டர் என்று இல்லை.

மெஷின் இப்போது பரணில் இருக்கிறது. பொங்கலுக்கு முன் இறக்கிக் குத்துவிளக்குக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்கிறாள் மனைவி. அது உள்ளேயும் பித்தளைதானா என்று தெரியாததால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். செகரட்டரி போன வாரம் வந்து, தன் காருக்குக் கொஞ்சம் ஓட்டித் தர முடியுமா என்று கேட்டார். தம்பி ஒருவர் மூலமாக வாங்கிய பழைய வண்டி, வங்கி மேனேஜர் ஓட்டினது என்றார். மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். முருகனை மட்டும் கொடுத்தனுப்பினேன். இன்னும் திருப்பித் தரவில்லை.