பிரதமனை முறைக்கும் மச்சான்

கேள்வி: எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட என் மச்சான், கல்யாணப் பந்தியில் அடைப்பிரதமனை முறைத்துப் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார். ருசி போய்விட்டதா, வீம்பா?
– ஒரு வாசகர், கோட்டாறு

பதில்: இரண்டுமில்லை, இடமில்லை! 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது, கோட்டாறு சந்தையில் குலையாகத் தொங்கும் ஏத்தன்பழத்தின் வடிவில் ஒரு குழாய். பருப்பு, சாம்பார், புளிசேரி, ரசம் என்று வரிசைகட்டி வந்தால்? பருப்பிலேயே ஹவுஸ்ஃபுல். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பதும் வெட்டிய பகுதியில்தான்.

இன்னொரு முறையான 'பைபாஸ்' என்றால் பிரதமன் பழியும் வாங்கும். அதிலுள்ள வெல்லம் சிறுகுடலுக்குள் சடாரென்று இறங்க, வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. மருத்துவர்கள் இதை 'டம்பிங்' என்பார்கள்.

அரசியல் தலைவர்களில் நிதின் கட்கரி 2011-லும், நிதியமைச்சராக இருந்தபோதே அருண் ஜேட்லி 2014-லும் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இருவருக்கும் நீரிழிவு இருந்தது. அழகுக்காகச் செய்கிற வேலை அல்ல இது.

ஆபரேஷன் முடிந்ததும் முதலில் திரவ உணவு, பிறகு மசித்தது, சில வாரங்கள் கழித்தே திட உணவு. அதிலும் முட்டை, மீன், பயறுக்கு முதல் மரியாதை, சோறு கடைசி. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும்? சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, அரை மணி பொறுக்க வேண்டும். சில மாதங்களில் முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். பி12, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு மட்டும் ஆயுள் சந்தா.

அடுத்த கல்யாணத்தில் மச்சானுக்குப் பக்கத்து இலையைப் பிடியுங்கள். அவர் பங்குப் பிரதமன் உங்களுக்கு!