சொல்லுக்கு 30 பைசா

'வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்' என்பது ஒரு சொல். 30 பைசா. அதையே 'வாங்கிக் கொண்டு இருக்கிறார்கள்' என்று பிரித்தால் மூன்று சொல். 90 பைசா. இந்தப் பேருண்மை 2010-இல், கரண்ட் போன ஓர் இரவில், காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான தாமலில், வீட்டுத் திண்ணையில் எனக்குப் புலப்பட்டது. அன்றிலிருந்து புணர்ச்சி விதிகள் எனக்கு ஜென்மப் பகை. சேர்த்து எழுதச் சொல்லித் தமிழய்யா தலையில் குட்டிய குட்டுகள் எல்லாம் பண நஷ்டமாகவே நினைவுக்கு வந்தன.

வேலை இதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. முதலாளிக்கு இன்டர்நெட்டில் சேலை விற்க ஆசை. வெப்சைட் தயாராகிவிட்டது, ஆள்தான் வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அவரிடம், "ஆர்ட்டிகிள் போட்டா ஆர்டர் கொட்டும்" என்று சொல்லியிருக்கிறார். பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடிக் காஞ்சிபுரத்துக்கும் வீட்டுக்குமாகப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். "தம்பி, தமிழும் தெரியும், இங்கிலீஷும் தெரியும்னு சொன்னாங்க. 500 சொல்லு. சொல்லுக்கு 30 பைசா. ஆக 150." எனக்கு ஏதோ ஆஸ்தான கவியாக நியமனம் கிடைத்த மாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் கட்டுரைகளைச் சும்மா வாங்கிக் குவித்துவைக்கும் இணையதளங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அமெரிக்காவில் 1999-இல் தொடங்கிய 'ஈசைன் ஆர்ட்டிகிள்ஸ்' அவற்றில் பெரியது. நாம் எழுதியதை அங்கே போடலாம்; காசு கிடைக்காது. ஆனால் கட்டுரையின் அடியில் இரண்டு வரியில் நம்மைப் பற்றிச் சொல்லி, கடைக்கு ஒரு லிங்க் கொடுத்துக்கொள்ளலாம். ஒரு தளத்துக்கு எத்தனை லிங்க் வருகிறதோ அத்தனை ஓட்டு அதற்கு விழுந்ததாகக் கூகுள் கணக்கு வைக்கும். அந்த ஓட்டுகளை நாமே உட்கார்ந்து போட்டுக்கொள்வதுதான் என் உத்தியோகம். நம்மூர்ப் பாஷையில் இதற்குக் கள்ள ஓட்டு என்று பெயர். எழுதியும் பேசியும் ஆட்சியைப் பிடித்த அண்ணா பிறந்த ஊரில் உட்கார்ந்து, இத்தனை கள்ள ஓட்டு போட்டும் கூகுளின் மூன்றாம் பக்கத்தைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை.

கட்டுரைக்கு விதிகள் உண்டு. வாடிக்கையாளர் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவாரோ அந்தச் சொல் 500-க்குப் பதினைந்து முறையாவது வர வேண்டும். அதனால் நான் இப்படி எழுதினேன்: 'காஞ்சிபுரம் பட்டுச் சேலை வாங்க நினைப்பவர்கள் காஞ்சிபுரம் பட்டுச் சேலை என்றால் என்ன என்று தெரிந்து கொண்டு காஞ்சிபுரம் பட்டுச் சேலை வாங்குவது காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கு நல்லது.' கடைசியில் நல்லது சேலைக்கா வாங்குபவருக்கா என்று எனக்கே குழப்பம். பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் பெரியப்பாவிடம் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கால் மிதியை நிறுத்தாமல் கேட்டார்: "இன்னாடா இது, நூத்தியெட்டு தடவை சொல்றேன்னு எந்தச் சாமிக்காவது வேண்டிக்கிட்டியா?"

இதற்கு மேல் எழுத்துப்பிழை வழிபாடு வேறு. வடக்கே இருப்பவர்கள் நம் ஊர்ப் பெயரைச் சரியாகத் தட்டுவதில்லை. காஞ்சீபுரம், காஞ்சிவரம், காஞ்சீவரம், கஞ்சிவரம் என்று தேடுவார்கள். அவர்கள் கண்ணில் பட வேண்டுமானால் நாமும் அப்படியே தப்பாக எழுத வேண்டும் என்றார் முதலாளி. நகரேஷு காஞ்சி என்று புகழப்பட்ட ஊரைக் கஞ்சி ஆக்கி ஒரு முழுக் கட்டுரை எழுதினேன். அந்த 150 ரூபாய் மட்டும் என்னவோ ஒட்டவில்லை. ஏகாம்பரநாதர் கோயில் எதிரிலேயே டீயும் மசால் வடையுமாகச் செலவழித்துவிட்டேன்.

எழுத்துக்குக் கூலி என்றால் எஸ்.எஸ்.வாசனை நினைக்காமல் இருக்க முடியாது. அவர் தபால் மூலம் சாமான் விற்கும் வியாபாரமும் விளம்பர வேலையும் செய்துகொண்டிருந்தவர். 1928-இல் பூதூர் வைத்தியநாதய்யரிடமிருந்து ஆனந்த விகடனை வாங்கினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் பத்திரிகைப் பெயரின் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் கொடுத்தார் என்று சொல்வார்கள். சொல்லுக்கு இல்லை, எழுத்துக்கு! அதுவும் 1928-இல்! 82 வருஷம் கழித்து ஒரு முழுச் சொல்லுக்கே எனக்கு 30 பைசா. நம் நாட்டில் விலைவாசி ஏறாத ஒரே சரக்கு எழுத்து என்று அன்று புரிந்தது.

ஆறு மாதத்தில் முதலாளிக்குச் சந்தேகம் வந்தது. கடைக் கணக்குப்பிள்ளை பழைய காலத்து எஸ்.எஸ்.எல்.சி. என் கட்டுரை ஒன்றை எடுத்துப் பென்சிலால் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போனார். 500 சொல் 370 ஆகிவிட்டது. "தம்பி, 'என்ன என்று'வெல்லாம் வேணாம், 'என்னவென்று' போடுங்க" என்றார் முதலாளி. தமிழ் இலக்கணத்தால் ஒருவருக்கு நேரடியாக 39 ரூபாய் நஷ்டம் வந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அதோடு என்னையே குறைத்துவிடலாம் என்று ஒரு சாஃப்ட்வேர் வாங்கிவந்தார். இங்கிலீஷ் கட்டுரை ஒன்றை உள்ளே போட்டால் சொற்களுக்குப் பதில் சொற்களை மாற்றி ஐம்பது கட்டுரையாகத் துப்பும். பட்டில் கோபுர வரிசை மாதிரி கரை வைப்போம் இல்லையா, அதை இங்கிலீஷில் கோயில் கரை என்பார்கள். கோயிலுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இங்கிலீஷில் ஒரே சொல் என்பது அந்த மெஷினுக்குத் தெரியும். எது எங்கே என்பதுதான் தெரியாது. ஆகவே எங்கள் சேலைகள் 'நெற்றிப்பொட்டு எல்லை' போட்டு வந்தன. ஆயிரம் கோயில் நகரமான காஞ்சி, ஆயிரம் நெற்றிப்பொட்டு நகரமாயிற்று. அதில் நாற்பது கட்டுரை வெளியிலும் போய்விட்டது.

கூகுள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் அமெரிக்காவிலும் ஏப்ரலில் உலகமெங்கும் உள்ள இங்கிலீஷ் தேடலிலும் 'பாண்டா' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதம் இதனால் மாறும் என்று அவர்களே அறிவித்தார்கள். உப்புச்சப்பில்லாத கட்டுரைக் கிடங்குகள் எல்லாம் ஒரே ராத்திரியில் அடிமட்டத்துக்குப் போயின. அவற்றோடு என் நெற்றிப்பொட்டுகளும். பாண்டா என்றதும் முதலாளி கரடி என்று நினைத்தார். இல்லை, அது கூகுள் பொறியாளர் நவ்நீத் பாண்டாவின் பெயர் என்றேன். "நம்மாளா? நம்மாளே இப்படிப் பண்ணிட்டாரே!" என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

இனி உண்மையாக எழுதினால்தான் கூகுள் மதிக்கும் என்று ஆகிவிட்டது. உண்மைக்கு எங்கே போவது? பெரியப்பாவிடம் போனேன். கோர்வை என்றால் என்ன என்று முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. பெரியப்பா ஒருவரால் ஆகாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளப் பெரியம்மா கூடவே உட்கார வேண்டும். உடல் நூலும் கரை நூலும் சந்திக்கிற இடத்தில் கோத்துக்கொண்டு ஓடுகிற பல்வரிசையை விரலால் தடவிக் காட்டினார். முந்தி வேறு கலர் என்றால் பாவு நூலை இழை இழையாகப் பிணைத்து மாற்ற வேண்டும், அது பெட்னி. பெரியம்மா குறுக்கே சொன்னார்: "இதையும் எழுது. முப்பது வருஷமா பக்கத்துல உக்காந்து நாடா தள்றேன், சேலையில என் பேரு எங்கனா இருக்கா?"

சரிகைக்கு வந்தோம். சூரத்திலிருந்து வருகிற நல்ல சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல், மேலே வெள்ளி, அதற்கு மேல் தங்க முலாம். நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிய வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்பதையும் சேர்த்து, ஒரு கூட்டுச்சொல்லைக்கூடப் பிரிக்காமல், என் வாழ்க்கையின் முதல் நேர்மையான கட்டுரையை எழுதிக் கொடுத்தேன். முதலாளி இரண்டு தடவை படித்தார். "ரொம்ப நல்லா இருக்கு தம்பி. அந்தச் சுரண்டுற பாராவை மட்டும் எடுத்துடுங்க. கடைக்கு வர்றவங்க எல்லாரும் சுரண்ட ஆரம்பிச்சுட்டா?" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தப் பாராவை எடுத்தாயிற்று. அந்த வாரக் கணக்குக்கு இன்னும் ஒரு கட்டுரை வேண்டியிருந்தது. கையில் விஷயம் இல்லாததால் எங்கள் ஊரையே எழுதினேன். பெங்களூர் நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்துக்கு மேற்கே தாமல், மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று, தாமோதரப் பெருமாள் கோயில், வராகீஸ்வரர் கோயில், கரையில் நின்றால் சாயங்காலம் வீசும் காற்று. 'தாமம்' என்றால் கயிறு, 'உதரம்' என்றால் வயிறு. யசோதை கட்டிப்போட்ட பிள்ளைதான் தாமோதரன் என்று ஒரு வரி. 'பட்டு' என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. அடியில் வழக்கம்போலக் கடையின் போன் நம்பர்.

அது ஒன்றுதான் முதல் பக்கத்தில் வந்தது.

போன் அடிக்க ஆரம்பித்தது. "ஹலோ, பெருமாள் கோயில் நடை எத்தனை மணிக்குத் திறக்கும்?" "ஏரியில தண்ணி இருக்கா?" "தூண்டில் போடலாமா?" 2015 நவம்பர் மழையில் மாவட்டத்து ஏரிகளெல்லாம் தளும்பி நின்றபோது, ராத்திரி பதினொரு மணிக்கு முதலாளியின் செல்லில், "சார், தாமல் ஏரி உடைஞ்சிடுச்சாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார்கள். மறுநாள் காலையில் என்னிடம் கத்தினார்: "ஏரி ரொம்பினா நமக்கு இன்னாயா கமிஷன்?" அப்படியானால் கட்டுரையை எடுத்துவிடட்டுமா என்றேன். பதறிவிட்டார். "ஐயோ, முதல் பக்கத்துல நமக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானே!"

இன்னும் அது இருக்கிறது. கடைப் பையன்களுக்கு இப்போது சேலை விலையைவிடக் கோயில் நேரம் நன்றாக மனப்பாடம். அந்தக் கட்டுரையால் கடைக்கு வந்த வியாபாரமும் ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம், மத்தியானம் நடை சாத்தியிருந்ததால் பொழுது போக்கக் கடைக்கு வந்தது. இரண்டு மணி நேரம் ஏசியில் உட்கார்ந்து, அறுபது சேலைகளை விரித்துப் பார்த்து, கடைசியில் ஓர் ஈரிழைத் துண்டு வாங்கிக்கொண்டு போனது.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாமலுக்குக் கட்டாயம் வாருங்கள். கோயில் நேரம் வேண்டுமானால் ஊருக்குள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தயவுசெய்து கடைக்குப் போன் போடாதீர்கள். சேலை வாங்கப் போனால் மட்டும், சரிகையை ஓர் ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்.